கடிகாரத்துக்கு ஓய்வு நாள்

ஆண்டு 151, புரட்டாசி 11. காலை 6.10

பின் கப்பல். காவல்: மயிலாத்தாள். ஐம்பதாவது ஆள், கடைசி ஆள்.

கடிகாரம் ஓடுகிறது. சுருள்வில் ஏழாம் கோடு வரை முறுக்கியாயிற்று. ஆடுசக்கரம் சீர். கல் தாங்கிகளில் தூசி இல்லை. உறக்கப் பெட்டிகள் முந்நூற்றுப் பன்னிரண்டும் குளிரில் நலம். காலைச் சாப்பாடு, உப்புமா என்று பொட்டலத்தில் எழுதியிருந்த ஏதோ ஒன்று.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். இந்தக் கப்பலில் மின்னணுக் கடிகாரம் கிடையாது. வெளியே இருக்கும் கதிர்வீச்சு அதை முப்பது வருடம்கூட விட்டுவைக்காது. அதனால் பித்தளை, எஃகு, கல் மூன்றை மட்டும் வைத்து, கோவையில் ஒரு பட்டறையில் இரண்டு கடிகாரங்கள் செய்தோம். பல் வெட்டியவர்களில் நானும் ஒருத்தி. ஒன்று இந்தக் கப்பலில், ஒன்று முன் கப்பலில். எங்கள் கடிகாரப்படி வரும் மாசி மாதத்தில் ஒரு தாழ்ப்பாள் விழும், எஞ்சின் எதிர்ப்பக்கமாக எரியும், கப்பல் வேகம் குறைந்து இரட்டை நட்சத்திரத்தில் போய் நிற்கும். அந்தத் தாழ்ப்பாளை மனிதக் கை தொட முடியாது. முறை வந்ததும் உறக்கப் பெட்டியிலிருந்து எழுந்து, இருட்டில் மூன்று மூன்று வருடம் தனியாக விழித்திருக்கும் ஐம்பது பேரில் ஒருவருக்காவது புத்தி பேதலிக்கும், என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று திறந்துவிடுவார். அதற்குப் பயந்து அப்படிச் செய்தோம். உடைத்துத் திறக்கப் பார்த்தால் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும்.

குடும்பங்களைப் பிரித்துத்தான் ஏற்றினார்கள். ஒரு கப்பல் போனாலும் எந்த வீடும் அடியோடு போய்விடக் கூடாது என்று விதி. நான் இங்கே. என் மகள் அமிழ்தினி, ஒன்பது வயது, முன் கப்பலில் உறங்குகிறாள்.

வானொலியைக் கடைசிப் பதினைந்து மாதத்துக்கு மட்டும் திறக்க அனுமதி. திறந்து பத்து மாதம் ஆகிறது. தினமும் முன் கப்பலைக் கூப்பிடுகிறேன். இன்றும் பதில் இல்லை. அவர்கள் வானொலியைத் திறக்க மறந்துவிட்டார்களா, இல்லை திறக்க ஆளே இல்லையா என்று யோசிக்காமல் இருக்க, கடிகாரத்தை இரண்டு முறை துடைத்தேன்.

புரட்டாசி 14. மாலை 4.25

பதில் வந்துவிட்டது! அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்த செய்தி: "பின் கப்பலா? கேக்குதா? நான் சூசை மச்சாது பேசுதேன், முன் கப்பல் காவக்காரன். தூத்துக்குடி. இன்னைக்குத்தான் வானொலியத் தொறக்கச் சொல்லி எங்க கடிகாரம் மணி அடிச்சுது. அங்கன ஆள் உண்டா? ஒரு வார்த்த சொல்லுங்க. ரெண்டு வருசமா மனுசக் குரல் கேக்கல பாத்துக்கிடுங்க."

அனுப்பியது: "அண்ணா, நான் மயிலாத்தாளுங்க, கோயமுத்தூரு. பெட்டி எண்பத்தெட்டுல என்ற மக இருக்கறா. ஒரு எட்டு போய்ப் பார்த்துச் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

செய்தி போக இருபது நிமிடம், பதில் வர இருபது நிமிடம். அந்த நேரத்தில் கண்ணில் பட்ட எல்லாத் திருகுகளையும் இறுக்கிவிட்டேன்.

வந்த செய்தி: "பாத்துட்டுத்தான் வாரேன் தங்கச்சி. கண்ணாடில பனி படிஞ்சிருந்துது, தொடச்சேன். ரெட்டச் சடையோட நல்லா ஒறங்குது பிள்ள. பச்ச வெளக்கு எரியுது. எம் மவன் ஜெரோன் ஒங்க கப்பல்ல எரநூத்து மூணு. அவனையும் ஒரு எட்டு பாத்துச் சொல்லுவியளா?"

பார்த்தேன். பதினேழு, பதினெட்டு வயதுப் பையன், மீசை அரும்பியிருக்கிறது. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்குகிறான். அப்படியே சொன்னேன். அவர் அழுதது கேட்டது. நானும் அழுதேன். எடையில்லாத இடத்தில் கண்ணீர் கீழே விழாது, கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொண்டு பாடாய்ப் படுத்தும்.

புரட்டாசி 15. காலை 7.00

சந்தோஷத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். அவர் கடிகாரம் வானொலியைத் திறக்கச் சொன்னது நேற்று. என்னுடையது சொன்னது பத்து மாதம் முன்பு. ஒரே பட்டறை, ஒரே நாள் ஓடத் தொடங்கிய கடிகாரங்கள்.

அனுப்பியது: "அண்ணா, உங்க கடிகாரம் பத்து மாசம் பின்னால ஓடுதுங்க."

வந்த செய்தி: "எங்களுது பின்னால இல்ல தங்கச்சி. ஒங்களுதுதான் முந்தி ஓடுது. எங்க ஆளுக கடிகாரத்த மாதா கோயில் மணி மாரில்லா பாத்துக்கிடுதோம்."

முந்தி ஓடுகிறதாம்! அந்தப் பற்களை நான் வெட்டினேன். வருடத்துக்கு ஒரு நிமிடம் பிசகினால் பட்டறையில் கழற்றி உருக்கிவிடுவார்கள். ஊரில் வலை இழுத்து, கப்பல் எஞ்சினும் பார்த்தவராம், அவர் கடிகாரத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறார். அவர் கடிகாரத்தை நம்பினால் முன் கப்பல் எனக்குப் பத்து மாதம் பின்னால்தான் நிற்கப் பார்க்கும். அதற்குள் நட்சத்திரத்தைத் தாண்டிவிடும். அந்தக் கப்பலில் என் பிள்ளை இருக்கிறாள். விட மாட்டேன்.

புரட்டாசி 19. மதியம் 1.40

ஐந்து நாளாக அவரைக் குடைகிறேன். காலையில் என்ன செய்வீர்கள், எப்போது முறுக்குவீர்கள், எதைத் தொடுவீர்கள் என்று ஒவ்வொன்றாக. மனிதர் பொறுமைசாலி, அலுக்காமல் சொல்கிறார். இன்று மாட்டினார்.

வந்த செய்தி: "வேற ஒண்ணுமில்ல தங்கச்சி. பெரிய வியாழன் வந்தா மணிய மட்டும் நிப்பாட்டிருவோம். ஆண்டவர் கல்லறைல இருக்கையில கோயில் மணி அடிக்கக் கூடாதுல்லா. ஈஸ்டருக்குத்தான் திரும்ப விடுவோம். கடிகாரம் பாட்டுக்கு ஓடும். மணி நாக்க மட்டும் தூக்கிக் கட்டிருவோம், அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான்! இந்தக் கடிகாரத்தில் காலை மணி அடித்தால்தான் நாள்சக்கரம் ஒரு பல் நகரும். மணியைக் கட்டினால் முள் ஓடும், நாள் ஓடாது. வருடத்துக்கு மூன்று நாள் காணாமல் போயிருக்கிறது. நூற்றைம்பது வருடம்!

பட்டென்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் எகத்தாளமாகவே சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். பதில் வந்தது: "அம்பது பேரும் செஞ்சிருக்கோம் தங்கச்சி. ஒருத்தனுக்கும் தோணல. எனக்கும் தோணல."

கணக்குப் போட்டால் பதினைந்து மாதம் பின்தங்கியிருக்க வேண்டும். வித்தியாசமோ பத்து மாதம்தான். ஐந்து மாதம் இடிக்கிறது. எல்லாக் காவலரும் அவ்வளவு பக்தியாக இருந்திருக்க மாட்டார்கள், சிலர் மணியை அடிக்க விட்டிருப்பார்கள். சரியாகப் போயிற்று. என் கடிகாரத்துக்கு ஒத்து வருமாறு அவருடையதைப் பத்து மாதம் முன்னே தள்ள வேண்டும். எப்படி என்று யோசிக்க எனக்கு மாசி வரை நேரம் இருக்கிறது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக வயிறாரச் சாப்பிட்டேன்.

புரட்டாசி 23. மாலை 5.15

ஆயுத பூஜை. நேற்று மாலை ஆடுசக்கரத்தைச் சிவப்பு நூலால் கட்டி நிறுத்தினேன். பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சட்டத்தில் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழம் கிடையாது, மஞ்சள் பூசிய பெரிய நட்டு ஒன்றைச் சக்கரத்தடியில் கட்டுவது இந்தக் கப்பலின் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவர் காவலை ஒப்படைக்கும்போது அந்த நட்டைத்தான் முதலில் காட்டினார். ஒரு முழு நாள் யாரும் இயந்திரத்தைத் தொடக் கூடாது. பட்டறையிலும் அப்படித்தான், கடைசல் இயந்திரம்கூட அன்றைக்கு மாலையோடு சும்மா நிற்கும். வருடமெல்லாம் உழைக்கிற பொருளுக்கு ஒரு நாள் ஓய்வு. பொரி இல்லாததுதான் குறை.

நாள் முடிந்து நூலை அவிழ்க்கப் போகும்போது செய்தி வந்தது.

வந்த செய்தி: "தங்கச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. எங்கூட வேல பாத்த கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் சொல்லுவார், ஆயுத பூசைன்னா ஒங்க ஊர்ல மெசினெல்லாம் நிப்பாட்டிப் போடுவாகன்னு. கடிகாரத்துக்கு என்ன செய்விய?"

கையில் குங்குமத்தோடு அப்படியே மிதந்துகொண்டிருந்தேன். சக்கரம் நூலில் கட்டுண்டு நின்றது. என் கண் முன்னால் நின்றது.

புரட்டாசி 23. மாலை 6 இருக்கலாம்

இருக்கலாம். இனிமேல் இப்படித்தான் எழுத முடியும்.

பட்டறையில் ஓய்வு முடிந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எல்லாக் கடிகாரத்தையும் திருத்தி வைப்போம். இங்கே சுவர்க் கடிகாரம் எங்கே இருக்கிறது? இதைப் பார்த்துத்தானே எல்லாம். அறுபது கடிகாரத்தில் ஒன்றை நிறுத்தினால் ஒன்றுமில்லை. இருப்பது ஒன்றே ஒன்றென்றால் நிறுத்திய நேரம் நிறுத்தியதுதான். ஐம்பது பேர், எல்லோரும் கடிகாரம் படித்தவர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. போன வருடம் எனக்கும் உறைக்கவில்லை, நேற்றும் உறைக்கவில்லை. பூஜை என்றதும் புத்தியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டோம்.

வருடத்துக்கு ஒரு நாள். நூற்றைம்பது நாள். அந்த இடித்த ஐந்து மாதம் என்னுடையது: அவர் பதினைந்து மாதம் பின்னால், நான் ஐந்து மாதம் பின்னால்.

மாசி வரை நேரம் இல்லை. கப்பல் நிற்கத் தொடங்க வேண்டிய நாள் இந்த வாரம். அல்லது போன வாரம். அல்லது போன மாதம்.

மச்சாது அண்ணனிடம் சொன்னேன். எகத்தாளம் எல்லாம் எங்கே போயிற்றோ. அவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "சரி, இனி என்ன செய்யணும்னு சொல்லு" என்றார். அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

புரட்டாசி 25

சட்டத்தின் மேல் குங்குமப் பொட்டைக் கத்தியால் கீறிப் பார்த்தேன். அடுக்கடுக்காக விரல் தடிமனுக்கு ஏறியிருக்கிறது. பொட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியும், சக்கரத்தை முழு நாளும் நிறுத்தியவர்கள் எத்தனை பேர் என்று அது சொல்லாது. உத்தேசத்தை வைத்துக்கொண்டு எஞ்சினைக் கொளுத்த முடியாது.

ஒரு வழி இருக்கிறது. கப்பலின் மூக்கில் பனிக்கவசத்துக்குள் ஒரு பித்தளைக் குழாய் வைத்திருக்கிறோம். ஆபத்துக்கு மட்டும். கவசத்தைத் துளைத்து ஒரே ஒரு தடவை பார்க்கலாம், பிறகு தூசி வந்து கண்ணாடியைத் தின்றுவிடும். உள்ளே இரண்டு கோடுகள் செதுக்கியிருக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டை நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு தெரியும், நெருங்க நெருங்க விலகும். ஆளுக்கொரு கோட்டில் வந்து உட்காரும் நாள்தான் நிறுத்தத் தொடங்கும் நாள்.

துளைக்கிறேன். தூக்கம் வரவில்லை, வரவும் வேண்டாம்.

புரட்டாசி 27

பார்த்தேன். இரண்டு நட்சத்திரங்களும் கோட்டைத் தாண்டி நிற்கின்றன. நூல் அளவு. நாள் கடந்து ஒன்பது நாள்.

செத்துப் பிழைத்தேன். தாமதத்தைச் சரிக்கட்ட எஞ்சினைக் கூடுதலாக எரியும்படி வைத்திருக்கிறார்கள், நாற்பது நாள் வரை தாங்கும். அதைத் தாண்டினால் நட்சத்திரத்தைக் கடந்து போய்விடும். நின்றாலும் இருட்டில்தான் நிற்கும். அந்தத் திசையில் வேறு நட்சத்திரம் கிடையாது.

ஆக, முப்பத்தொரு நாள் இருக்கிறது. உறக்கத்திலிருந்து ஒரு ஆளை எழுப்ப மூன்று மாதம் ஆகும். அங்கே அவர் ஒருவர், இங்கே நான் ஒருத்தி.

அனுப்பியது: "அண்ணா, தாழ்ப்பாளைக் கடிகாரந்தான் விடோணும். அதனால கடிகாரத்தையே முன்னால ஓட்டோணும். சுத்தியலைக் கையால தட்டினா நாள் நகராதுங்க, மணிச் சக்கரம் முழுச் சுத்து வந்தாகோணும். ஆடுசக்கரத்தைக் கழட்டிப்போட்டு, சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்தற கொக்கியைத் தூக்கி விட்டிருங்க. எல்லாச் சக்கரமும் கட்டவுந்து ஓடும். உங்களுக்குப் பதினஞ்சு மாசம், எனக்கு அஞ்சு மாசம். ஓடி முடிக்கறப்ப கடிகாரம் செத்துப்போயிரும்."

வந்த செய்தி: "ஒடச்சுப் போடவா சொல்லுத? நூத்தம்பது வருசமா ஓடுத சாமானத்த?"

அனுப்பியது: "ஆமாங்கண்ணா. நான் செஞ்ச சாமானந்தானுங்க. நானே சொல்றேன். முதல்ல நான் பண்ணிப்போட்டுச் சொல்றேன், கேட்டுட்டு நீங்க பண்ணுங்க."

ஒன்று மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் நிறுத்தி அவர் நிறுத்தாமல் போனால் அமிழ்தினி என்னை விட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அவருடையது முடியும் வரை காத்திருக்கலாமா என்று இன்று முழுக்க யோசித்தேன். இருநூற்று மூன்றுக்குப் போய் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்தேன். பிறகு திருப்புளியை எடுத்தேன்.

எடை வந்த பின். முதல் பொட்டலம்

இனி தேதி கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். அதை எண்ணுகிறேன்.

கொக்கியைத் தூக்கியதும் அது கத்தியது. கடிகாரம் என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். முள் கண்ணுக்குத் தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒரு காலை, அடுத்த காலை, அடுத்த காலை. கல் தாங்கிகள் வெடித்தன. எண்ணெய் இல்லாத எஃகு காய்ந்த நெடி மூக்கைத் துளைத்தது. ஆறு சக்கரம் கருகியது, நான் வெட்டிய பற்கள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டபோது காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அறையில் மிதந்துகொண்டிருந்த பொருளெல்லாம் மெல்லத் தரையில் இறங்கின. நானும் இறங்கினேன். கப்பல் நிற்கத் தொடங்கிவிட்டது.

பொட்டலம் 2

வந்த செய்தி: "தங்கச்சி, ஒம்பது மாசம் ஓடிச்சு. அப்புறம் பெரிய சத்தம். மூணாஞ்சக்கரத்துல பல்லு எல்லாம் செதறிப் போச்சு. நின்னுட்டுது. காலைலதான் வில்ல முழுசா முறுக்குனேன், நடுவுல விசை பத்தாமப் போயிரக் கூடாதேன்னு. தப்புப் பண்ணிட்டனா?"

முழுதாக முறுக்கியிருக்கிறார். நல்லது என்று நினைத்து. என்னுடையது ஏழாம் கோட்டிலிருந்து இறங்கிக் கிடந்தது, அதனால் பல் தாங்கியது. வில்லைத் தளர்த்திவிட்டு ஓட விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லையா? பட்டறைப் பையனுக்குக்கூடத் தெரியும் என்பதால் சொல்லத் தோன்றவில்லை. அவர் பட்டறை ஆள் இல்லை.

அனுப்பியது: "உங்க தப்பு இல்லீங்கண்ணா. நான் சொல்லாம விட்டுட்டேன். உடைஞ்ச சக்கரத்துக்கு அப்பால மணிச் சக்கரம் நல்லாத்தான் இருக்கும். முறுக்குற சாவிய அதுல மாட்டிக் கையால சுத்துங்க. மிச்சம் ஆறு மாசம். ஒரு நாளைத் தாண்ட எண்ணூறு சுத்து சுத்தோணும். பொறுமையாச் சுத்துனா போதும்."

பொறுமையாகச் சுற்றினால் போதாது. எனக்குத் தெரியும்.

பொட்டலம் 8

வந்த செய்தி: "ஒரு மாசம் தாண்டிட்டேன்! சட்டத்தோட இடுப்பக் கட்டிக்கிட்டுச் சுத்துதேன், இல்லன்னா சக்கரம் நிக்குது, நான் சுத்துதேன். வலை இழுத்த கை இது, தாங்கும்."

சிரித்தேன். ஆறு நாளில் ஒரு மாதம். இதே வேகம் என்றால் ஏழு நாள் பிந்திவிடும். கொஞ்சம் வேகம் கூட்டினால் போதும். சொன்னேன். கூட்டுகிறேன் என்றார்.

பொட்டலம் 15

நான்கு மாதம் பாக்கி. வேகம் கூடவில்லை, குறைந்திருக்கிறது. உள்ளங்கை தோல் உரிந்துவிட்டதாம், துணி சுற்றிக்கொண்டாராம். அவராகச் சொல்லவில்லை, நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

நான் வேகம் குறைந்துகொண்டே போகிறேன், அவர் அதே வேகத்தில் போகிறார். முன்பு கேள்வி கேட்டுவிட்டு ஒரு பொட்டலத்தைச் சாப்பிட்டு முடித்தால் பதில் வந்துவிடும். இப்போது சாப்பிட்டு, கழுவி, பெட்டி வரிசை முழுக்கச் சுற்றி வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

பொட்டலம் 23

வந்த செய்தி: "தங்கச்சி, இன்னைக்கு என்ன நாளு? எங்கிட்டக் கடிகாரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணு சொருகுனா ஒறங்குதேன், முழிச்சா சுத்துதேன். கெடு எம்புட்டு இருக்குன்னு நீதான் பாத்துச் சொல்லணும்."

அனுப்பியது: "இருக்குதுங்கண்ணா. நீங்க சுத்துங்க."

எட்டு நாள் இருக்கிறது. அவருக்கு மூன்று மாதம் பாக்கி. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். இந்தக் கொஞ்சூண்டு எடையில் நடந்தால் பந்து மாதிரி எம்பி எம்பித்தான் போக வேண்டும். சிரிப்பு வரவில்லை.

பொட்டலம் 29

வந்த செய்தி: "ஒம் மவளப் போய்ப் பாத்துட்டு வந்தேன், அஞ்சு நிமிசந்தான், வையாத. அவ மொகத்தப் பாத்தா கை தன்னால சுத்துது. எந்திரிச்சதும் யாருன்னு சொல்லி அறிமுகம் பண்ணிக்கிடணும்? மாமான்னு சொல்லவா?"

அனுப்பியது: "மாமான்னே சொல்லுங்க."

பொட்டலம் 31

கெடு இன்று.

காலையில் சாப்பாட்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் பொட்டலக் காகிதங்களை எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். ஒவ்வொரு காகிதத்தையும் பிரித்துத் தடவிப் பார்த்தேன், எங்காவது ஒன்றை இரண்டு தடவை எண்ணியிருக்க மாட்டேனா என்று. முப்பத்தொன்றுதான்.

அவருக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

பொட்டலம் 32

எதுவும் எழுதவில்லை என்று இருக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். எஞ்சின் எரிகிறது. பெட்டிகள் நலம். அமிழ்தினி. அமிழ்தினி.

பொட்டலம் 38

வந்த செய்தி: "தங்கச்சி, ஒரு மாசந்தான் பாக்கி! நம்ப மாட்ட, கையெல்லாம் மரத்துப் போச்சு, அதுவும் நல்லதுக்குத்தான், வலி தெரியல. ஒண்ணு மட்டும் சொல்லு. நேரம் இருக்கா? ஒன் வாயால இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டுட்டாப் போதும், ஒரே மூச்சுல முடிச்சிருவேன். ஒங்க பக்கம் பிள்ள நல்லா இருக்கானா?"

இருநூற்று மூன்றுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்தேன். அவன் அப்பா கேட்டதைச் செய்துவிட்டுத் திரும்பி வந்து வெகுநேரம் வானொலி முன்னால் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் அவர் சாவியை விட்டுவிட்டு அந்த இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பார். சொல்லாவிட்டால் சுற்றிக்கொண்டிருப்பார். எஞ்சின் எரியும், கப்பல் நிற்கும், எங்கே என்று யாருக்கும் தெரியாது. என் பிள்ளை இரண்டிலும் அங்கேதான் இருப்பாள். பக்கத்தில் ஒரு மனிதராவது நம்பிக்கையோடு இருக்கட்டும்.

ஜெரோன், நீ எழுந்து இதைப் படிக்கும்போது என்னைத் திட்டு. உனக்கு உரிமை உண்டு.

அனுப்பியது: "பையன் நல்லா இருக்கறானுங்கண்ணா. நேரம் நிறைய இருக்குது. மெதுவாச் சுத்துங்க, கையைப் பார்த்துக்குங்க."

சாப்பிட்டேன். கழுவினேன். பெட்டி வரிசையை ஒரு சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று வந்தேன். உட்கார்ந்தேன்.

வந்த செய்தி: "அப்பாடா. அது போதும் தங்கச்சி. இந்தா, சுத்தப் போறேன்."